இடித்த பல்லா, அரித்த பல்லா: பழைய சவரக்கத்தியின் மூளியை என்ன செய்வது?

போன மழைக்காலம் முடிந்த கையோடு மும்பை சோர் பஜாரில் இரண்டு பழைய சவரக்கத்திகள் வாங்கினேன். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் மட்டன் தெருவை ஒட்டித் தரையில் சாக்கு விரித்துப் பழைய சாமான்களைப் பரப்பியிருப்பார்களே, அங்கேதான். பித்தளைப் பூட்டுகளுக்கும் கைக்கடிகாரப் பட்டைகளுக்கும் நடுவில் கிடந்தன. "உஸ்தரா, புரானா மால்" (சவரக்கத்தி, பழைய சரக்கு) என்று சொல்லி விற்றவர் இரண்டையும் 700 ரூபாய்க்குத் தந்தார். ஒன்று ஜெர்மனியின் சோலிங்கனில் செய்தது. இன்னொன்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டு.

சயான் கோலிவாடா வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தேன். அப்புறம் ட்யூப்லைட்டுக்குக் கீழே, நகைக்கடைக்காரர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் 10 மடங்கு லூப் வழியாகப் பார்த்தேன். இரண்டு கத்தியிலும் வாய் மூளியாக இருந்தது. வெறும் கண்ணுக்குத் தெரியாது, நகத்தில் வைத்து இழுத்தால் தட்டும், அவ்வளவு சின்னப் பற்கள். கூரில் விழுந்த பள்ளத்தைத்தான் பல் என்கிறேன். இப்படிப் பல் விழுந்த கத்தியை முகத்தில் வைக்கலாமா, தீட்டியே சரிசெய்ய முடியுமா, முடியும் என்றால் எந்த வழியில்? இதற்கு ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். அப்படியே விடு, 1000 நம்பர் கல்லில் (நம்பர் கூடக் கூடக் கல் நுண்மை) பொறுமையாகத் தேய், முரட்டுக் கல்லில் வேகமாக முடி, கத்தியின் கூரையே கல்லில் நிறுத்தி ரொட்டி அறுப்பதுபோல் இழுத்துச் சமப்படுத்து, தெரிந்தவரிடம் கொடுத்துவிடு. இந்த ஐந்தில் எதை எப்போது எடுப்பது என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

நான் முதலில் போனது தாராவி 90 அடி ரோட்டில் சலூன் வைத்திருக்கும் அண்ணாச்சியிடம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சின்ன வயதிலேயே பம்பாய் வந்தவர். இப்போது அவர் கடையிலும் பாதி பிளேடை மாட்டி, ஒரு ஆளுக்கு வைத்ததும் தூக்கி எறியும் கத்திதான். ரத்தத்தில் நோய் பரவும் என்ற எச்சரிக்கை வந்த பிறகு பெரும்பாலான சலூன்கள் அதற்கு மாறிவிட்டன, மாறியதும் சரிதான். ஆனால் தீட்டுகிற கத்தியில் பல வருஷம் வேலை பார்த்த கை அவருடையது. லூப் கேட்கவில்லை. கத்தியை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், கூரைத் தன் கண்ணுக்கு நேராகத் திருப்பி, மெதுவாகச் சாய்த்தார். சோலிங்கனை நீட்டி, "தம்பி, இது இடிச்ச பல்லு" என்றார். ஷெஃபீல்டைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். "இது அரிச்ச பல்லு. ரெண்டுக்கும் ஒரே வைத்தியம் பாத்தீங்கன்னா கத்தி போயிரும்."

மூளியின் ஆழம் என்ன, எந்தக் கல் நல்லது என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான் வரும். பல் எதனால் விழுந்தது என்பது முதல் கேள்வி.

இடித்த பல் என்றால் குழாயில் தட்டியது, வாஷ்பேசினில் இடித்தது, மூடும்போது பிடியின் பக்கவாட்டில் மோதியது. சமையலறைக் கத்தி இப்படி இடித்தால் கூர் மடங்கும். சவரக்கத்தியின் எஃகு அதைவிடக் கடினம், கூரும் மெல்லியது. மடங்காமல் பொட்டென்று தெறித்துவிடும். லூப்பில் பார்த்தால் பிறை வடிவில், ஓரம் சுத்தமாக, ஒன்றோ இரண்டோ இருக்கும். அதைச் சுற்றியுள்ள எஃகு நல்ல எஃகு.

அரித்த பல் துருவால் வருவது. ஓரம் கரடுமுரடாக, உள்ளே கறுத்து, ஒன்றுக்குப் பக்கத்தில் இன்னொன்றாக இருக்கும். முக்கியமாக, கூருக்குச் சற்று மேலேயும் மிளகைத் தூவியதுபோல் கரும்புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு குழி. இன்றைக்கு ஒரு பல்லைத் தேய்த்துப் போக்கினால், கூர் பின்னுக்கு நகர்ந்து நாளைக்கு அடுத்த குழியில் போய் நிற்கும், அங்கே புதிதாக ஒரு பல் விழும். தீட்டத் தீட்ட மூளி முளைக்கிறது என்று சிலர் புலம்புவது பெரும்பாலும் இதனால்தான். கையிலோ கல்லிலோ குறையில்லை. கூர் துருப்பிடித்த எஃகுக்குள் இன்னும் பயணம் செய்துகொண்டிருக்கிறது.

ஆழத்தை அளக்கத் தனிக் கருவி வேண்டாம். சவரக்கத்தியைக் கல்லில் படுக்கவைத்தால் முதுகும் கூரும் மட்டுமே கல்லைத் தொடும், நடுப்பகுதி குழிவாகக் கடையப்பட்டிருக்கும். அதனால் தீட்டும் கோணம் நம் கையில் இல்லை. முதுகின் கனமும் அலகின் அகலமும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. என் சோலிங்கன் 5/8 அங்குலக் கத்தி, அதாவது 16 மி.மீ. அகலம். முதுகு 4.8 மி.மீ. கணக்குப் போட்டால் கூரின் முழுக் கோணம் 17 டிகிரி. கூரின் இரு பக்கமும் கல் பட்டுப் பட்டுப் பளபளக்கிற ஒடுங்கிய பட்டைக்கு பெவல் என்று பெயர். இந்தக் கத்தியில் அதன் அகலம் 0.8 மி.மீ. இதுதான் அளவுகோல். லூப்பில் பார்க்கும்போது பல் பெவலில் எத்தனை பங்கு ஏறியிருக்கிறது என்று பாருங்கள். எட்டில் ஒரு பங்கு என்றால் 0.1 மி.மீ., அதாவது தடித்த தலைமுடி ஒன்றின் கனம். கால் பங்கு என்றால் 0.2 மி.மீ.

சோலிங்கனின் பல் எட்டில் ஒரு பங்குதான். அதைப் போக்கக் கூர் முழுவதையும் 0.1 மி.மீ. பின்னால் தள்ள வேண்டும். கேட்கும்போது பெரிய வேலையாகத் தோன்றும். ஆனால் கோணம் இவ்வளவு ஒடுக்கமாக இருப்பதால், ஒரு பக்கத்துக்கு 0.015 மி.மீ. தேய்ந்தாலே கூர் அவ்வளவு தூரம் பின்வாங்கிவிடும். 15 மைக்ரான். 1000 கல்லில் இருக்கும் ஒரு துகளின் அளவே ஏறக்குறைய அதுதான். இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற முடிவுகளில் பாதி தானாக வந்துவிடும்.

முதல் வழி, அப்படியே விடுவது. இது சோம்பேறித்தனம் இல்லை, சில இடங்களில் இதுதான் சரி. பல் குதிகால் ஓரத்தில், பிடிக்குப் பக்கத்தில் இருந்தால், தாடையில் அந்த இடம் படுவதே இல்லை. அதன் ஓரத்தை நுண்ணிய கல்லில் லேசாக மழுக்கிவிட்டால் போதும். அதற்காக 16 மி.மீ. கத்தியை 15 ஆக்குவது நியாயமில்லை. லூப்பில் மட்டும் தெரிந்து, நகத்தில் தட்டாமல், மழிக்கும்போது தோலில் உறுத்தாமல் இருக்கிற புள்ளியையும் விடலாம். வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை எப்படியும் தீட்டுவோம், அதிலேயே அது போய்விடும். ஆனால் நடுவிலோ நுனியிலோ நகத்தில் தட்டுகிற பல் இருந்தால் விடக்கூடாது. முடியை இழுக்கும், தோலில் கீறல் போடும். நுனிதான் மூக்கின் கீழே வேலை செய்கிற இடம்.

இரண்டாவது, 1000 கல். சோலிங்கனுக்கு நான் எடுத்தது இதைத்தான். என்னைக் கேட்டால், இடித்த பல்லாக இருந்து பெவலில் கால் பங்குக்குள் இருந்தால் வேறு எதையும் யோசிக்கவே வேண்டாம்.

என்னிடம் இருப்பது கிங் 1000. ஷாப்டன் குரோமாகு 1000, நானிவா 1000 எல்லாமே இந்த வேலைக்குப் போதும். கிங் கல்லைப் பத்து நிமிஷம் தண்ணீரில் ஊறப்போட வேண்டும், ஷாப்டனுக்கு மேலே தெளித்தால் போதும். எந்தக் கல் என்பதைவிட அது மட்டமாக இருக்கிறதா என்பதுதான் முக்கியம். பென்சிலால் கட்டம் போட்டு, தடித்த கண்ணாடியில் 400 நம்பர் வாட்டர் பேப்பரை ஒட்டவைத்துத் தேய்த்தால், கோடு எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் அழிய வேண்டும். நடுவில் கோடு மிஞ்சினால் கல் அங்கே பள்ளம். பள்ளமான கல்லில் சவரக்கத்தி ஒருநாளும் ஒழுங்காக வராது.

முதுகில் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டினேன். வழக்கமான தீட்டலுக்கு டேப் வேண்டுமா வேண்டாமா என்பது பழைய சண்டை, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் மூளி எடுக்கும்போது கத்தி கல்லில் நூற்றுக்கணக்கில் ஓடும். டேப் இல்லாவிட்டால் முதுகும் சேர்ந்து தேயும், முதுகில் இருக்கிற வேலைப்பாடு போகும். டேப்பின் கனம் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 0.13 மி.மீ. என்பதால் கோணம் சுமார் 1 டிகிரி கூடும். 17 இருந்தது 18 ஆகும், சவரத்துக்கு அது கெடுதல் இல்லை. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: டேப்போடு ஆரம்பித்தால் கடைசிக் கல்வரை டேப்போடுதான் போக வேண்டும். நடுவில் உரித்துவிட்டால் கோணம் குறைந்து கல் பெவலின் மேல் ஓரத்தை மட்டும் தொடும், கூரைத் தொடாது. எவ்வளவு தேய்த்தாலும் கூர் வராது. உரிக்கத்தான் வேண்டும் என்றால் 1000 கல்லிலேயே உரித்துவிட்டு, அங்கேயே கூர் வரும்வரை மறுபடி தேய்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் பெவலில் பெர்மனன்ட் மார்க்கரைப் பூசி இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். கூர்வரை மை போயிருக்க வேண்டும்.

மூன்று மாலை எடுத்தது. முதல் நாள் பக்கத்துக்கு 80 இழுப்பு, இரண்டாம் நாள் 80, மூன்றாம் நாள் 40. பெருக்கல் குறி போலக் குறுக்காக, கத்தியின் எடையோடு ஒரு விரலின் எடை சேர்த்து. இதற்குமேல் அழுத்தினால் மெல்லிய அலகு வளைந்து, கூர் கல்லை விட்டு எழும்பும். கொஞ்ச நேரத்தில் பல்லைக் கண்ணால் பார்க்காமலேயே அது இருக்கும் இடம் தெரிய ஆரம்பித்தது. கூரை முன்னால் தள்ளும்போது தண்ணீர் அதற்கு முன்னே மெல்லிய வரப்பாக உருண்டு வரும். பல் இருக்கும் இடத்தில் மட்டும் அந்த வரப்பு உடைந்து தண்ணீர் அலகுக்கு அடியில் நழுவும். முதல் நாள் அந்த உடைப்பு நன்றாகத் தெரிந்தது. இரண்டாம் நாள் முடிவில் ஊசிக்கண் அளவு. மூன்றாம் நாள் முப்பதாவது இழுப்பில் வரப்பு குதிகாலிலிருந்து நுனிவரை அறுபடாமல் வந்தது. லூப்பில் பார்த்தேன், பல் இருந்த இடம் எது என்று தேட வேண்டியிருந்தது. கையில் முடியை எடுத்துப் பார்த்தேன், அலகின் எல்லா இடமும் ஒரே மாதிரி எடுத்தது.

இந்த வழியில் ஒரே ஆபத்து ஆசை. பல் இருக்கும் இடத்திலேயே விரலை வைத்து அழுத்தத் தோன்றும். அப்படிச் செய்தால் அங்கே மட்டும் கூர் உள்வாங்கி, கத்தி முகம் சுளித்ததுபோல் வளைந்துவிடும். ஒரு பல்லுக்காக முழுக் கூரையும்தான் பின்னால் தள்ள வேண்டும்.

மூன்றாவது, முரட்டுக் கல்லில் ஆரம்பிப்பது. 325 நம்பர் டயமண்ட் பிளேட்டில் பத்து நிமிஷத்தில் வேலை முடியும் என்பார்கள். உண்மைதான், பல் பத்து நிமிஷத்தில் போகும். ஆனால் அந்த பிளேட்டின் துகள் 45 மைக்ரான். நாம் எடுக்க வேண்டியதே 15 மைக்ரான். எடுக்க வேண்டியதைவிட மூன்று மடங்கு பெரிய துகளால் உரசினால், ஒவ்வொரு கோடும் கூரில் போய் முடியும் இடம் தானே ஒரு சின்னப் பல். ஒரு பல்லை எடுத்துவிட்டு நூறு பல் வைத்த கதைதான். அந்தக் கோடுகளை 1000 கல்லில் அழிக்கும் நேரத்தைச் சேர்த்துப் பார்த்தால் மிச்சம் எதுவும் இல்லை. 0.3 மி.மீ.க்கு மேல் போன பல்லுக்கு, பெவல் முழுவதையும் புதிதாக அமைக்க வேண்டிய கத்திக்கு இது சரி. அப்போதும் முக்கால்வாசியில் நிறுத்திவிட்டு, மிச்சத்தை 1000 கல்லுக்கு விட வேண்டும். நாகதேவி தெரு ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கிற இரட்டைப் பக்க கார்போரண்டம் கல்லைப் பலர் கேட்கிறார்கள். அரிவாளுக்கும் உளிக்கும் அது நல்ல கல், சவரக்கத்தியை அதில் வைக்காதீர்கள்.

நான்காவதுதான் அதிகம் சண்டை நடக்கிற இடம். ரொட்டி அறுக்கிற முறை. கத்தியைக் கல்லின்மேல் செங்குத்தாக நிறுத்தி, கூரே கல்லில் படும்படி ரொட்டியை அறுப்பதுபோல் இழுப்பது. பல்லின் அடிவரை கூர் மழுங்கித் தட்டையாகும், அப்புறம் வழக்கம்போல் படுக்கவைத்து பெவலை மறுபடி கொண்டுவர வேண்டும். முதல்முறை பார்ப்பவருக்கு நெஞ்சு பதறும். எனக்கும் பதறியது.

இது குறுக்குவழி, வேலை பாதியாகும் என்று சொல்வார்கள். சோலிங்கனின் அளவுகளை வைத்தே கணக்குப் போட்டுப் பார்த்தேன். 0.2 மி.மீ. பல் என்று வையுங்கள். கடைசியில் கூர் 0.2 மி.மீ. பின்னால், அதே 17 டிகிரியில் நிற்க வேண்டும். எந்த வழியில் போனாலும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான், எடுக்க வேண்டிய எஃகும் ஒன்றுதான். ரொட்டி முறையில் முன்கூட்டியே போவது கூர்முனையில் உள்ள சின்ன முக்கோணம் மட்டும். பெவல் 0.8 மி.மீ. அகலம் என்றால் அது மொத்த எஃகில் எட்டில் ஒரு பங்குகூட வராது. மிச்சம் அத்தனையையும் பெவலைத் தேய்த்துத்தான் எடுத்தாக வேண்டும். ஆக, நேரம் மிச்சம் என்பதற்காக இதை எடுப்பவர் ஏமாந்துபோவார்.

அப்படியானால் இதற்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது, வேறு காரணத்துக்கு. ஒன்று, பல்லைச் சுற்றி விரிசல் விட்ட, துரு பிடித்த பலவீனமான எஃகு முழுவதும் ஒரேயடியாகப் போய்விடும். இன்னொன்று, வேலை எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியும். தட்டையான கூர் விளக்கு வெளிச்சத்தில் வெள்ளிக் கம்பி போல மின்னும். பெவலைத் தேய்க்கத் தேய்க்க அந்தக் கம்பி மெலிந்துகொண்டே வரும். எங்கே கம்பி மிச்சமிருக்கிறதோ அங்கே இன்னும் கூர் வரவில்லை. கம்பி முழுக்க மறைந்ததும் பெவல் தயார். சின்னச் சின்னதாக ஐந்தாறு பல் இருக்கும்போது ஒவ்வொன்றையும் லூப்பில் துரத்துவதைவிட இது தெளிவு.

ஆபத்தும் பெரிது. அறுக்கும்போது ஐந்து இழுப்பு அதிகமானால் தேவையில்லாத எஃகு போய்விடும், திரும்ப வராது. 1000 கல்லில் பல் மறைந்த உடனே நிறுத்தலாம், இதில் முன்கூட்டியே ஒரு முடிவெடுத்துவிடுகிறோம். பழைய ஷெஃபீல்டு கத்திகள் பலவற்றில் கூர் நேராக இருக்காது, புன்னகை போல் லேசாக வளைந்திருக்கும். அதை நேராக நிறுத்தி அறுத்தால் அந்த வளைவு செத்துப்போகும். மென்மையான தண்ணீர்க் கல்லில் செய்தால் கல்லிலும் பள்ளம் விழும். நுண்ணிய டயமண்ட் பிளேட் போன்ற கெட்டியான பரப்பில், கத்தியின் எடை மட்டும் படும்படி, மூன்று நான்கு இழுப்புக்கு ஒருமுறை லூப் வைத்துப் பார்த்துச் செய்ய வேண்டும்.

ஐந்தாவது, வெளியே கொடுப்பது. இதில் எனக்கு ஒரு மனவருத்தம் உண்டு. சில வருஷங்களுக்கு முன் வேறொரு சவரக்கத்தியைத் தபாலில் தீட்ட அனுப்பினேன். திரும்பி வந்தபோது நுனியில் நீலம் பாய்ந்திருந்தது. சுழலும் சக்கரத்தில் பிடித்திருக்கிறார்கள். கார்பன் எஃகு நீலமாகிறது என்றால் அந்த இடம் ஏறக்குறைய 300 டிகிரி சூடு ஏறியிருக்கிறது என்று பொருள். சவரக்கத்தியைப் பதப்படுத்துவது அதைவிடக் குறைந்த சூட்டில். பதம் போன எஃகு மிருதுவாகிவிடும், எந்தக் கல்லும் அதைக் காப்பாற்றாது. அகலத்தில் 2 மி.மீ. குறைந்தும் இருந்தது. அதை நான் இன்னும் எறியவில்லை, பயன்படுத்தவும் முடியவில்லை. நம் தெருவுக்கு சைக்கிளில் வரும் சாணைக்காரரிடம் கத்திரிக்கோலையும் அருவாமனையையும் கொடுங்கள், நன்றாகச் செய்து தருவார். ஆனால் அவர் சக்கரம் இந்த மெல்லிய கூருக்காக ஏற்பட்டதில்லை. சவரக்கத்தியை மட்டுமே தட்டைக் கல்லில் தீட்டுகிற ஆள் கிடைத்தால் தாராளமாகக் கொடுக்கலாம். சக்கரம் தொடுமா, முதுகில் டேப் போடுவீர்களா, முன்னும் பின்னும் அகலத்தை அளந்து சொல்வீர்களா என்று மூன்றையும் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

இனி ஷெஃபீல்டுக்கு வருகிறேன். இரண்டு கத்தியும் 700 ரூபாய் என்றேன், என் நேரத்தில் பெரும்பங்கை எடுத்தது இதுதான்.

அண்ணாச்சி சொன்னபடி அரித்த பல். ஐந்து பல், கூருக்கு மேலேயும் புள்ளிகள். துரு எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். மும்பையின் ஜூன் முதல் செப்டம்பர் வரையான ஈரம் ஒரு காரணம்தான். ஆனால் முதுகு நன்றாக இருந்தது, பெயர் பொறித்த இடமும் நன்றாக இருந்தது. மூடினால் பிடிக்குள் போகும் பகுதி மட்டும் அரித்திருந்தது. பிடியை மோந்து பார்த்தேன், கற்பூரமும் புளிப்பும் கலந்த வாடை. ஆணிகளைச் சுற்றிப் பச்சை பூத்திருந்தது. அப்போதுதான் விளங்கியது: பிடி செல்லுலாய்டு. அந்தக் காலத்தில் ஆமை ஓடு, தந்தம் போலத் தோற்றம் தருவதற்காக நைட்ரோசெல்லுலோஸையும் கற்பூரத்தையும் சேர்த்துச் செய்த பிளாஸ்டிக். வயதானால் சில செல்லுலாய்டு தானே சிதைந்து அமில ஆவி விடும். கத்தி மூடியிருக்கும்போது அந்த ஆவியில்தான் கூர் படுத்துக் கிடக்கிறது. பிடியை மாற்றாமல் இந்தக் கத்தியை எவ்வளவு தீட்டினாலும் அடுத்த வருஷம் மறுபடி பல் விழும். பழைய கத்தி வாங்குகிறவர்கள் கல்லைப் பற்றி யோசிக்கும் முன் பிடியை மோந்து பார்க்க வேண்டும். இதை யாராவது எனக்கு முன்னாலேயே சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

ஆணியின் தலையை அரத்தால் தேய்த்துத் தட்டிக் கழற்றினேன். பிடியைத் தனியாக, மற்ற கத்திகள் இல்லாத இடத்தில், காற்றோட்டமாக வைத்துவிட்டேன். அப்புறம்தான் அலகைத் தொட்டேன்.

இங்கே 1000 கல்லில் பல்லைத் துரத்துவது வீண். நல்ல எஃகு எங்கே ஆரம்பிக்கிறதோ அங்கேவரை கூரைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். லூப்பில் பார்த்தபோது நடுவில் இருந்த புள்ளிகள் கூரிலிருந்து 0.3 மி.மீ. வரைதான் ஏறியிருந்தன, அதற்குமேல் சுத்தம். அதனால் ரொட்டி முறை. கூர் வளைவில்லாமல் நேராக இருந்தது, அந்த மட்டில் எனக்கு அதிர்ஷ்டம். நுண்ணிய டயமண்ட் பிளேட்டில், நான்கு நான்கு இழுப்பாக. மூன்று பல் போனது. நுனிப்பக்கம் புதிதாக ஒன்று திறந்தது, எதிர்பார்த்ததுதான். இன்னும் கொஞ்சம். மொத்தம் 0.5 மி.மீ. போன பிறகு கூர் முழுக்க ஒரே வெள்ளிக் கம்பி, கறுப்பே இல்லை, குதிகாலில் ஒரு புள்ளியைத் தவிர. அந்த ஒன்றை விட்டுவிட்டேன். அது முகத்தில் படாது. அதற்காக இன்னொரு 0.3 மி.மீ. கொடுக்க மனம் வரவில்லை.

அப்புறம் 400 கல்லில் கம்பி பாதியாக மெலியும்வரை, மிச்சம் 1000 கல்லில். இதற்கு ஆறு மாலை ஆனது. பெவல் முன்பைவிட அகலமாகிவிட்டது, பார்த்தாலே தெரியும். கூர் அரை மில்லி பின்வாங்கினால் அப்படித்தான் ஆகும், அதில் அழகு கொஞ்சம் குறைந்ததை ஒப்புக்கொள்கிறேன்.

மூளி போன பிறகும் ஒரு வேலை பாக்கி. நீண்ட நேரம் 1000 கல்லில் தேய்த்த கூரில் ஒரு மெல்லிய பிசிர் நிற்கும், அலுமினியத் தாள் போல. அதை அப்படியே அடுத்த கல்லுக்குக் கொண்டுபோனால் அங்கே உடைந்து புதுப் பற்கள் மாதிரித் தெரியும். சரி செய்ததெல்லாம் வீணா என்று அப்போது மனசு உடைந்துபோகும். ஒரு கண்ணாடி டம்ளரின் விளிம்பில் கூரைக் கத்தியின் எடையில் ஒரே ஒருமுறை மெதுவாக இழுத்தால் பிசிர் போய்விடும். மறுபடி 1000 கல்லில் பத்துப் பதினைந்து லேசான இழுப்பு. இதுவும் ரொட்டி முறையின் குட்டித் தம்பிதான், ஆனால் பயமில்லாதது. ஒவ்வொரு கல்லுக்கும் நடுவில் கத்தியையும் கையையும் கழுவி, டேப்பையும் புதிதாக மாற்றுங்கள். 1000 கல்லின் ஒரு துகள் 8000 கல்லில் ஒட்டிக்கொண்டால் அதுவே கூரில் கோடு போடும்.

அப்புறம் வழக்கமான பாதை: நார்ட்டன் 4000, 8000, கடைசியாக நானிவா 12000. தாராவியில் ஒரு தோல் கடையில் வெட்டி வாங்கிய எருமைத் தோல்வாரில் 50 இழுப்பு. சோலிங்கனை எடுத்துக்கொண்டு மறுபடி அண்ணாச்சி கடைக்குப் போனேன். கூட்டமில்லாத மதிய நேரம். அவர் தன் முன்கையில் ஒரு இடத்தில் வைத்து எடுத்துப் பார்த்தார், அப்புறம் நான்கு விரலை அலகின் பக்கவாட்டில் வைத்துத் தடவினார். "பல்லு எங்க இருந்துச்சு?" என்று கேட்டார். நான் காட்டினேன். "சரி. இன்னும் ரெண்டு வாரம் ஷேவ் பண்ணிட்டு லூப்புல பாருங்க. இடிச்ச எடத்துல உள்ள விரிசல் இருந்தா அதுக்குள்ள காட்டிரும்."

இரண்டு வாரம் கழித்துப் பார்த்தேன். விரிசல் இல்லை.

ஷெஃபீல்டுக்கு இன்னும் பிடி போடவில்லை. எருமைக் கொம்பில் ஒரு ஜோடி செய்யச் சொல்லியிருக்கிறேன். அதுவரை வெறும் அலகு, தையல் மெஷின் எண்ணெய் தடவிய துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட டப்பாவில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் எடுத்து குதிகால் புள்ளியைப் பார்க்கிறேன். அது வளரவில்லை.